மயிலுக்கு விட்ட இடம்

மஞ்சள் வண்ணத்தைப் பலகையில் பிதுக்கிய பிறகுதான், எதிரே தோட்டத்தில் மஞ்சளே இல்லை என்பதை ராஜ்மோகன் கண்டார். நேற்று வெயிலில் தகதகத்த சாமந்திப் பாத்தி, இன்று வெறும் பச்சையாக நின்றது.

"பூவு எங்கன்னு பாக்கறீங்களா சார்?" என்றாள் கொல்லைக்குச் சொந்தக்காரி வேலம்மாள். "விடியறதுக்கு முன்னயே பறிச்சு மார்க்கெட்டுக்கு அனுப்பியாச்சு. வெயில் ஏறிட்டா வாடிப்பூடும்."

உறுவையாறு கிராமத்தில் இருந்தது அந்தக் கொல்லை. பாதியில் சாமந்தி, மீதியில் அப்போதுதான் விதைத்த நிலக்கடலை; அந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டை. வேலம்மாளுக்குப் பகலெல்லாம் வெளியில் கூலி வேலை. பணிக்காலம் முழுவதையும் சன்னல் இல்லாத பதிவறையில், குழல்விளக்கின் கீழ்க் கழித்தவர் ராஜ்மோகன். ஓய்வு பெற்றதும் வெயிலை வரைவது என்று முடிவு செய்தார். அதுவும் வெயிலிலேயே அமர்ந்து, எண்ணெய் வண்ணத்தில். புதுச்சேரியில் ஓர் ஓவியக் கண்காட்சியில் அவருக்கும் இடம் கிடைத்திருந்தது. சனிக்கிழமை மாலைக்குள் படத்தைச் சேர்க்க வேண்டும். தவறினால், அந்தச் சுவரில் வேறொருவர் படம் தொங்கும்.

ஒரு வரிசைப் பூவையாவது விட்டுவைக்கும்படி கேட்டுக்கொண்டார். வேலம்மாள் மறுக்கவில்லை. மறுநாள் பூ இருந்தது. அதற்கு முன்னால் குறுக்கே கயிறு கட்டி, அவள் வீட்டுப் புடவைகள் அனைத்தும் காய்ந்துகொண்டிருந்தன. அவை காய்வதற்குள் நிழல் இடம் மாறிவிட்டது. மெல்லக் குறைப்பட்டுக்கொண்டார். அதற்குப் பரிகாரமாக, செடிகளைக் கழுவிப் பளிச்சென்று ஆக்குவதாகச் சொல்லி அடுத்த நாள் அவள் தண்ணீரைத் திறந்துவிட்டாள். ஈர மண்ணில் படத்தாங்கியின் ஒரு கால் புதைய, உலராத படம் குப்புற விழுந்தது. ஒட்டிய சேற்றைக் கத்தியால் சுரண்டியபோது, தீட்டியிருந்த வெயிலும் சேர்ந்து உரிந்து வந்தது.

அவர் சினம் கொள்ளவில்லை. வெளிச்சம் யாருக்காகவும் நிற்பதில்லை. அதைப் பிடிக்க வந்தவன்தான் நிற்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டார். வைக்கோல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முதலிலிருந்து தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை படம் ஏறக்குறைய முடிந்தது. வேலம்மாள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் கீது. நடுவுல ஒரு மயிலு நின்னா இன்னும் எடுப்பா இருக்கும். எங்க கொல்லைக்கு வராத மயிலா?"

சரியென்றே பட்டது. நடுவில் இடம் விட்டுக் காத்திருந்தார். வண்ணக் கறை படிந்த சட்டையோடு, தூரிகையை வீசி வீசி ஈ விரட்டியபடி அன்று பொழுது சாயும்வரை அமர்ந்திருந்தார். ஓர் இறகுகூட வரவில்லை. சனிக்கிழமை காலையிலும், "வரும் சார், எழுந்துடாதீங்க," என்று சொல்லிவிட்டுத்தான் வேலம்மாள் வேலைக்குப் போனாள்.

நண்பகலில் ராஜ்மோகன் துணிந்தார். மயிலுக்கு விட்ட இடத்தில், அன்று மண்ணைப் பிளந்துகொண்டு எழுந்திருந்த கடலை முளைகளைத் தீட்டினார். இலைகளில் வெயில் சரியாக வந்து அமர்ந்தது. ஒரு வாரமாகத் தேடியது இதைத்தான் என்று தோன்றியது.

மூட்டை கட்டும்போது, பக்கத்துக் கொல்லைத் தங்கவேல் வேலியோரம் வந்து நின்றார். ஊரெல்லாம் மயில் என்கிறார்களே, ஒன்றைக்கூடக் காணவில்லையே என்று ராஜ்மோகன் அவரிடம் வருந்தினார்.

தங்கவேல் படத்தைப் பார்க்கவில்லை. தரையிலிருந்த முளைகளையே பார்த்தார்.

"போன தடவ வேலம்மாக்கா போட்ட வெதைய பூரா மயிலுதான் கிளறித் தின்னுச்சு சார், இந்த தடவ நீங்க உக்காந்துட்டு இருந்ததால ஒண்ணு கூட கொறயல, நாளைக்கு நான் மல்லாட்டை போடறேன், அதே தொப்பியோட வந்து மெதுவா வரைங்க."