பிள்ளைப்பாக்கத்தில் பெங்களூர் வாடகை

ஸ்ரீபெரும்புதூர்,
9.7.2006

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் வேல்ராஜ் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நானும், ஒரே அறையில் என்னோடு படுத்துக்கிடக்கும் மற்ற ஏழு பேரும் நலம். வள்ளியூரில் தாங்களும் அத்தையும் என் மனைவி கனகலட்சுமியும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. வள்ளியூரில் கிணறும் மாமரமும் உள்ள வீடு அறுநூறு, தூத்துக்குடியில் என் சகலை மாடிவீட்டுக்குத் தருவது தொள்ளாயிரம், கோயம்புத்தூரில்கூட ஆயிரத்து இருநூறுதான், ஒரு சினிமாக் கொட்டகைகூட இல்லாத பிள்ளைப்பாக்கத்தில் ஆயிரத்து ஐநூறு கேட்கிறார்கள் என்றால் யார் நம்புவது, ஆயிரத்துக்குள் வீடு பிடிக்கும்வரை மகளை அனுப்ப மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் எஸ்.டி.டி. பூத்தில்தான் குடும்பம் நடத்துகிறேன் மாமா. அதனால் தங்கள் கடிதத்தையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கார அம்மா சந்திரம்மாளிடம் போனேன். தன் வயலில் வரிசையாக வீடுகள் கட்டி, கடைசி வீடு தவிர எல்லாவற்றையும் வாடகைக்கு விட்டிருப்பவர். உள்ளூர்க்காரன் பேசினால் குறைப்பார் என்று கம்பெனியில் என்னோடு ஒரே லைனில் வேலை பார்க்கும் பென்னலூர் ஜோயலையும் கூட்டிப்போனேன். அதுதான் வினை.

நான் ஊர் ஊராக வாடகையை வாசித்தேன். அந்த அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்.

"கோயம்புத்தூர்ல கம்பெனி கீதா தம்பி?"

"நெறைய இருக்கும்மா."

"அப்போ இன்னாத்துக்கு இங்க வந்த?"

ஜோயலுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா, இத்தப் போயி வூடுன்ற? எங்க சித்தி பையன் பெங்களூர்ல ஐயாயிரம் குடுத்துக்கினு கீறான். அது வூடு!"

முறம் நின்றது.

"எவ்ளோ?"

"ஐயாயிரம்!"

"அப்போ பெங்களூர்ல பாதி வெச்சிக்க. ரெண்டாயிரத்து ஐநூறு." அதோடு விடாமல், வரிசையைப் பார்த்துத் திரும்பி, "அல்லாருக்கும் சேத்துதான் சொல்றேன்!" என்றார்.

கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன மாமா. தோசைக் கரண்டியோடு ஒருவர், பாதி முகத்தில் சவர நுரையோடு ஒருவர், எல்லாரும் எங்களை ஏரிக்கரை வரை விரட்டி வந்தார்கள். அதில் பாதிப்பேர் நம் பக்கத்து ஆட்கள். "ஏலே, வாடகையக் கொறைக்க வந்தியா, கூட்ட வந்தியா?" என்று நெல்லைத் தமிழில் திட்டு வாங்கியதில் ஊருக்கே வந்ததுபோல் ஒரு சந்தோஷம்கூட எனக்கு இருந்தது. ஜோயல் ஒற்றைச் செருப்போடு வீடு போய்ச் சேர்ந்தான்.

மறுநாள் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சும்மா மெரட்னேன் தம்பி. ஆயிரத்து ஐநூறே குடு. ஆனா பொண்டாட்டியக் கூட்டியாந்து காட்டு. ஒண்டிக்கட்டைக்கு வூடு கெடையாது."

"வீடு கெடைச்சாத்தாம்மா மாமா அனுப்புவாங்க."

"அவரு அனுப்னாத்தான் வூடு."

இப்போது என் வாழ்க்கை தங்களுக்கும் சந்திரம்மாளுக்கும் நடுவில் நிற்கிறது. தயவுசெய்து ஐநூறு ரூபாயைப் பாராமல் கனகலட்சுமியை அனுப்பிவைக்கவும். வலிக்கிற முழங்காலை விட்டுவிட்டு, அத்தையின் பாதங்களைத் தொட்டு வணங்கியதாகச் சொல்லவும்.

தங்கள் பாதம் பணியும்,
வேல்ராஜ்

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பியபோது கனகலட்சுமியே வாசலில் வந்து நின்றாள்! அதனால்தான் ஒரு வாரம் தாமதம். தூத்துக்குடியில் அக்கா வீட்டுக்குப் போவதாகத் தங்களிடம் சொல்லிவிட்டு இங்கே பஸ் ஏறியிருக்கிறாள்; தேட வேண்டாம். சந்திரம்மாளின் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு, "சன்னல் சிறுசா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். படப்பையில், பால்கனி வைத்த மாடிவீட்டை, ஒரு வார்த்தை பேரம் பேசாமல் இரண்டாயிரத்து இருநூறுக்கு முடித்துவிட்டாள். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்ததும், "எதுக்கு இப்படி முழிக்கீங்க? உங்க கம்பெனிலதான் பொம்பளப் பிள்ளைகள எடுக்காங்களே. டெஸ்ட் எழுதி பாஸ் பண்ணிட்டேன், திங்கக்கெழமை ஷிஃப்ட்டு" என்கிறாள். ஆகவே மாமா, மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். இனி வாடகை சம்பந்தமாக எது கேட்பதானாலும் அவளுக்கே எழுதவும். நானும் அவளிடம்தான் கேட்டுக்கொள்கிறேன்.