சுருக்கு படித்த பொருளாதாரம்

கொரட்டூரிலிருந்து ஆவடி வரைக்கும் சுருக்கு மாதிரி படித்தவன் கிடையாது. படித்ததை அவன் மாதிரி தொலைத்தவனும் கிடையாது.

தொண்ணூறு வாக்கில் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி. நான் லேத். அவன் பேக்கிங். கொரட்டூரில் ஒரே ரூம். நான் அஞ்சாவதோடு சரி. அவன் தபாலில் பி.ஏ. பொருளாதாரம்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு வாத்தியார், "அப்படியே மனப்பாடம் பண்ணாதீங்க. சுருக்கி நோட்ஸ் எடுங்க" என்றாராம். அன்றைக்குப் பிடித்தது சனி. பத்துப் பக்கத்தை ஒரு பக்கமாக்கினான். பக்கத்தை வரியாக்கினான். வரியும் நீளம் என்று ஒரு வார்த்தையாக்கினான். கடைசியில் மொத்தப் புத்தகமும் ஒரு பஸ் டிக்கெட்டின் முதுகில் அடங்கிவிட்டது. கம்பெனியில் அவனுக்குச் சுருக்கு என்று பேர் விழுந்தது அப்போதுதான்.

"புஸ்தகம் எங்கடா?"

"பழைய பேப்பர்காரனுக்குப் போட்டேன் அண்ணாத்தே. சாறு எடுத்தாச்சு, சக்கை எதுக்கு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. படித்தவன், தெரிந்துதான் செய்வான் என்று விட்டேன்.

வியாதி முற்றியது. ஊருக்குக் கார்டு போட்டான். உள்ளே ஒரே வார்த்தை: 'காய்ச்சல்.' மறுவாரம் அவன் அம்மா, சொந்தபந்தம் எல்லாம் வேன் பிடித்து அழுதுகொண்டே வந்து இறங்கினார்கள். இவன் இட்லி தின்றுகொண்டிருந்தான்.

"சரியாப்போச்சுன்னு எழுதறதுக்கு இன்னாடா?"

"சுருக்கும்போது போயிடுச்சும்மா."

சிரிக்கலாம். ஆனால் சேக்காட்டில் அவனுக்கு ஒரு பெண் பேசியிருந்தது. அவனுக்கு அந்தப் பெண் மேல் உயிர். கடைசி பேப்பர் ஒன்று பாக்கி, அதில் ஏற்கெனவே கோட்டை விட்டிருந்தான். இந்த முறையும் போனால் வேறு இடம் பார்ப்பதாகப் பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார்.

பரீட்சை ஆவடியில். துணைக்குப் போனேன். ரயில் ஏறியதும் அந்த பஸ் டிக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"அண்ணாத்தே, கத்தரிக்கான்னு எழுதிகீறேன். எதுக்கு?"

"கொழம்புக்கா?"

தலையில் அடித்துக்கொண்டான். கண்ணை மூடினான். அம்பத்தூர் வந்தது.

"ஆங்! வெலை ஏறுனா வாங்குறது கொறையும்!"

"புரியல."

"கத்தரிக்கா வெலை ஏறுச்சின்னா இன்னா பண்ணுவே?"

"வாங்கித் துன்னுவேன்."

"வாங்க மாட்டே!"

"ஏன்டா? அரிசி ஏறிச்சே, துன்னாமலா கீறோம்?"

"ஐய, அது வேற. அதுக்குத்தான் இதோ, உப்புன்னு எழுதிகீறேன்! வேற வழியில்லாத பொருளு!"

"அப்போ கத்தரிக்கா?"

"வெண்டிக்கா கீதே!"

எனக்குத் தலை சுற்றியது. திரும்பச் சொன்னான். புரியல என்றேன். எழுந்து நின்று சொன்னான். எதிரே பூக்கூடைக்கார அம்மா தலையாட்டிவிட்டாள். எனக்கு ஏறவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக விரித்துக்கொண்டே வந்தான். தொண்டை கட்டிவிட்டது. ஆவடி வரைக்கும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

"மரமண்டை அண்ணாத்தே நீ!" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

ரிசல்ட் வந்த அன்றைக்கு லேத் பக்கம் வந்து நின்றான். "கல்யாணம்" என்றான். அவ்வளவுதான்.

அவன் சொன்னதில் உடனே எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

மெஷினை நிறுத்தினேன். "புரியல" என்றேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முதலிலிருந்து சொன்னான்.