மனிதக் காலடி படாத கடற்கரை

கடவுள் உலகத்தை ஆறு நாளில் படைத்துவிட்டு ஏழாம் நாள் ஓய்வெடுத்தார் என்று எங்கள் தீவின் பாதிரியார் பெருமையோடு சொல்வார். அவர் எங்கள் சுற்றுலா வாரியத்தைப் பார்த்ததில்லை. ஏழாம் நாளுக்காக மட்டும் நாங்கள் எட்டு மாதம் உழைத்தோம். நாற்காலியில் தூங்கியவர்களைத் தவிர ஒருவரும் ஓய்வெடுக்கவில்லை.

‘ஒரு வாரம், ஏழு அற்புதங்கள்’ என்பது எங்கள் கையேட்டின் பெயர். ஆறு தயார்: அருவி, வெந்நீர் ஊற்று, பீரங்கிக் கோட்டை, ரம் ஆலை, கொக்கோத் தோட்டம், போன வருடம் பொதுப்பணித் துறை தோண்டிக் கொடுத்த ‘முந்நூறு ஆண்டுப் பழமையான’ கொள்ளையர் குகை. ஏழாம் நாளுக்கு ஒன்றும் இல்லாததால் பயணிகள் பக்கத்துத் தீவுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். தேசத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

கையேடு எழுதும் பொறுப்பு என்னுடையது. இயக்குநர் லியோபோல்ட் ஃபோன்டெனெல் கூட்டத்தின் நடுவில் திடீரென்று என்னைப் பார்த்தார்.

“டெர்சி, நீ எந்த ஊருய்யா?”

“ஆன்ஸ் பெலோ, சார்.”

“அங்க என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல சார். மணல், தென்னை, கடல்.”

“ஒண்ணும் இல்லையா!” அவர் எழுந்தே நின்றுவிட்டார். “அதுக்குத்தானய்யா அவங்க கப்பல் ஏறி வர்றாங்க!”

அன்று மாலையே எழுதினேன்: ‘ஏழாம் நாள் – மனிதக் காலடி படாத கடற்கரை.’ நாற்பதாயிரம் பிரதிகள் அச்சாயின. அச்சான பிறகுதான் ஒரு சிறு முரண் கவனத்துக்கு வந்தது. அந்தக் கரையில் முப்பத்தொரு வீடுகளும், பத்தொன்பது படகுகளும், என் அக்கா எடோக்ஸியும் இருந்தார்கள்.

சாதாரண அலுவலகமாக இருந்தால் கையேட்டைத் திருத்தியிருப்பார்கள். எங்கள் வாரியம் பொய் சொல்லாது. ஆகவே கடற்கரையைத் திருத்தினோம்.

முதல் சுற்றறிக்கை: காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை ஊர்மக்கள் ‘தென்படுதல்’ கூடாது. இரண்டாவது: மணலில் உள்ள காலடிகளை அழிக்க இருவர் நியமனம். அழிக்கிறவர்களின் காலடியை யார் அழிப்பது என்று ஒரு துணைக்குழு மூன்று வாரம் ஆராய்ந்து, அவர்கள் பின்பக்கமாக நடந்தபடியே மணலைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று கண்டுபிடித்தது.

அக்கா என்னை வழியில் மறித்தாள்.

“ஏண்டா, ஒம்பது மணிக்குள்ள வந்து சேரணும்னு மீனுக்கும் சுற்றறிக்கை அனுப்பிட்டியா?”

“அக்கா, இது தீவோட வளர்ச்சிக்காக…”

“வளர்ச்சியா? அதச் சீமைப்பலாவோட வச்சுச் சாப்பிடலாமா?”

இருந்தும் கட்டுப்பட்டார்கள். தம்பி சொல்கிறானே என்று கட்டுப்பட்டார்கள். ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு நண்பகலில், வெயில் தாங்காமல் ஒரு பயணி மணலில் மயங்கி விழுந்தாள். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த அக்கா விதியை மீறி ஓடிவந்து, அவளை நிழலுக்கு இழுத்துப்போட்டு, இளநீர் கொடுத்து எழுப்பிவிட்டாள். அந்தப் பெண் ஊருக்குப் போய் நன்றிக் கடிதம் எழுதினாள். ‘அந்தக் கடற்கரையில் நான் கண்ட மிக அழகான காட்சி, என்னைக் காப்பாற்றிய பெண்ணின் முகம்.’

இயக்குநர் அதை இரண்டு முறை படித்தார்.

“இதப் புகார்னு பதிவு பண்ணு.”

“சார், நன்றி சொல்லியிருக்காங்க.”

“மனுஷி தென்பட்டிருக்கா இல்ல? அப்ப புகார்தான்.”

தீர்வு பெருந்தன்மையானது. கடலிலிருந்து நான்கு மைல் தள்ளி, மலைமேல் ‘மீனவர் பண்பாட்டுக் கிராமம்’ எழுந்தது. குடும்பத்துக்கு ஒரு வீடு, ஒரு ஓலைத்தொப்பி, ‘மீனவர்’ என்ற பதவி. மீன் வெளிநாட்டிலிருந்து பனிக்கட்டியில் வந்துவிடும். சம்மதப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு நான்தான் வீடு வீடாகப் போனேன். அக்காவின் மூக்குக்கண்ணாடி உடைந்திருந்தது.

“நீ படிச்சுப் பாத்தியாடா?”

“நானே எழுதினதுக்கா.”

“அப்ப சரி,” என்று கையெழுத்துப் போட்டாள்.

மறுவாரமே வீடுகளை இடித்தார்கள். படகுகளைத் தலைநகர் விடுதிகள் வாங்கிப் பூச்செடி வைத்துக்கொண்டன. கையேட்டின் ஒவ்வொரு சொல்லும் உண்மையானது. வாரியம் எனக்குப் பதவி உயர்வு கொடுத்தது. டை கட்டும் பதவி.

பண்பாட்டுக் கிராமத்தின் திறப்பு விழாவுக்குப் போனேன். அக்கா ஓலைத்தொப்பியோடு வாசலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தாள். அடிவாரத்தில், மரங்களுக்கு அப்பால், கடல் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

கேமராவோடு வந்த ஒரு வயதான பெண் பயணி அவள் அருகில் குனிந்தார்.

“நீங்க நிஜமாவே மீன் பிடிச்சவங்களா?”

“ஆமாம்மா. இருபத்தாறு வருஷம்.”

“ஐயோ. அப்புறம் ஏன் இங்க? புயல் அடிச்சுடுச்சா?”

அக்கா வலையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“ஆமாம்மா. பெரிய புயல். அதோ நிக்குது பாருங்க, டை கட்டிக்கிட்டு.”

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் வெளிச்சத்துக்கு நகரச் சொல்லி, என்னைப் படம் எடுத்துக்கொண்டார்.