தீர்க்கதரிசியின் கட்டுத்துணி

எங்கள் தீவில் இப்போது பன்றிகளுக்குத்தான் கெட்ட காலம். தீர்க்கதரிசி மானசே வந்ததிலிருந்து இப்படித்தான்.

போன வருஷம் வரை ஆக்லாந்தில் கார்களுக்கு ரேடியோ மாட்டிக்கொண்டிருந்தவர். பிறகு ஆண்டவர் கூப்பிட்டாராம். எந்த நம்பருக்குக் கூப்பிட்டார் என்று டோங்காவில் ஒருவரும் கேட்கவில்லை. ஞாயிறு மதியமானால் கடற்கரைக் கொட்டகையில் ஊரே கூடியது. எங்கள் வழக்கப்படி இடுப்பில் பாய் கட்டி, கக்கத்தில் பைபிளை இடுக்கி, குனிய முடியாத முதுகு, பேச்சு வராத பிள்ளை, காணாமல்போன படகு மோட்டார் என்று அவரவர் குறையோடு வந்தார்கள். காசு வாங்க மாட்டார், அவ்வளவு பெருந்தன்மை. பன்றி போதும். மகள் கல்யாணத்துக்கென்று பின்னி வைத்த நல்ல பாய் போதும்.

ஆனால் முதுகுவலிக்காரர்களால் ஒருவருக்குப் பெயர் வந்துவிடாது. மானசேவுக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பெரியவர் சைமோனே. இன்னொருத்தி, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, என் மனைவி லூபே.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் லூபேயின் இதய வால்வைத் தின்றுவிட்டது. நியூசிலாந்துக்கு அனுப்பி உலோக வால்வு வைத்தார்கள். அதன்பின் நாடி வேகம் குறைந்து தவங்கியதால் இடது தோளுக்குக் கீழே பேட்டரியில் ஓடும் பேஸ்மேக்கர் பெட்டி ஒன்றையும் தைத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு கடிகாரம். சுவரில் இருப்பது எப்போதோ நின்றுவிட்டது. லூபேயின் மார்பில் இருக்கும் உலோக வால்வு டிக் டிக்கென்று ஓடுகிறது. கோயிலில் எல்லோரும் மௌனமாக ஜெபிக்கும்போது முன்வரிசைக்காரர்கள் தங்கள் கைக்கடிகாரத்தைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

உயிர் மிஞ்சியது, நிம்மதி மிஞ்சவில்லை. வால்வில் ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை. மாத்திரையால் மேசை முனை பட்டாலே உடம்பு கன்றிப்போகும், பல் தேய்த்தால் ரத்தம் வரும். ரத்தம் சரியான பதத்தில் இருக்கிறதா என்று பார்க்க விரலில் குத்து. எல்லாவற்றையும்விடக் கொடுமை, லூ. சேம்பிலையில் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் பொதிந்து மண்ணடுப்பில் வேகவைக்கும் லூ இல்லாமல் இங்கே ஞாயிறு கிடையாது. அந்தக் கீரை அதிகமானால் மாத்திரை வேலை செய்யாது, வாராவாரம் ஒரே அளவாகத் தின்ன வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அளவாகத் தின்பது எங்கள் தீவில் யாரும் கற்காத வித்தை.

மானசே வலது உள்ளங்கையில் வெள்ளைத் துணி சுற்றியிருப்பார். ஆண்டவர் தொட்ட காயமாம். அந்தக் கையை லூபேயின் இடது தோளுக்குக் கீழே வைப்பார். பாடகர் குழுத் தலைவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து, நாடிக்குத் தக்கபடி மேளம் தட்டுவார். மெதுவாகப் போன மேளம், கை பட்டதும் ஓட்டம் பிடிக்கும். கையை எடுத்தால் பழையபடி தவங்கும். கொட்டகையே அழும்.

"இதயம் புதுசாயிடுச்சு மகளே! மாத்திரை போடறது அவிசுவாசம். லூ சாப்பிடு, வயிறார சாப்பிடு!"

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"மாத்திரை எங்க?"

"கடல்ல."

"பைத்தியமா உனக்கு?"

"குத்துப்பட்டவ நான். நீங்க ஒரு நாள் குத்திக்கிட்டு வந்து பேசுங்க."

"செக்கப்ல நர்ஸ் அந்த பேஸ்மேக்கர் பெட்டிமேல காந்தத்தை வெச்சப்ப இப்படித்தானே நாடி ஓடுச்சு? காந்தம் பக்கத்துல வந்தா அது ஒரே வேகத்துக்கு மாறிடும்னு சொன்னாளே!"

"அது காந்தம். இது கை."

"கைக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தியா?"

"விசுவாசம் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே பயமும் வந்தது.

அந்த வாரமே சைமோனேயின் வாய் கோணி, பேச்சும் போனது. அவருக்கும் உலோக வால்வு, பேஸ்மேக்கர். அவரும் மாத்திரையைக் கடலில் போட்டவர். வால்வில் உறைந்த கட்டி மூளைக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். வீட்டில் ஒளித்த பாவம் இருக்கிறது என்றார் மானசே. எல்லோரும் பாவத்தைத்தான் தேடினார்கள். அதற்குப் பரிகாரமாக இன்னொரு பன்றி போனது.

அடுத்தது லூபேதான். கொட்டகையில் எழுந்து, "துணிய அவுத்துக் காட்டுங்க" என்றேன். நாலு பேர் என்னைத் தூக்கி வெளியே வைத்தார்கள். பத்திரமாகத்தான் வைத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை அல்லவா.

ஆனால் மானசே மறுக்கவே முடியாத ஆள் ஒருவர் உண்டு. அவருடைய அத்தை லெசியேலி. இங்கே அப்பாவின் அக்கா என்றால் ராணி. அத்தை கேட்டதைக் கொடுக்காத மருமகனை நாயும் மதிக்காது. அந்த அத்தையைத் தேடிப் போனேன்.

"அவனுக்கு எத்தனை பாய் வந்திருக்கு?" அதுதான் அவருடைய முதல் கேள்வி.

"வீடு கொள்ளாம கிடக்கு."

"எனக்கு ஒண்ணாவது வந்துச்சா?"

"நீங்களே சொல்லுங்க அத்தை."

பகுத்தறிவு எந்த வழியாகவும் வரும். லெசியேலி அத்தைக்குப் பாய் வழியாக வந்தது.

மறு ஞாயிறு, லூபேயின் மார்பில் மானசேயின் கை, மேளம் ஓட்டத்தில் இருக்கும்போது அத்தை உள்ளே வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது.

"என்னடா மருமகனே, நல்லா இருக்கியா?"

"வாங்க... அத்தை."

"கையில இருக்கிற துணி நல்லா இருக்கு. எனக்குக் குடு."

"இது ஆண்டவர் தொட்ட காயம். அவுத்தா ரத்தம் வரும்."

"வரட்டும், தொடச்சு விடறேன். குடு."

"பாய் தரேன் அத்தை. பன்றி தரேன்."

"அதையும் எடுத்துக்குவேன். மொதல்ல துணி."

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. "அத்தை கேக்கறாங்க, குடுக்காம நிக்கறானே!" ஆண்டவர் பெயரால் ஏமாற்றினால் எங்கள் ஜனம் பொறுத்துக்கொள்ளும். அத்தைக்கு இல்லை என்றால் பொறுக்காது.

துணி அவிழ்ந்தது. உள்ளங்கையில் ஒரு கீறல்கூட இல்லை. கறுப்பாக ஒரு வட்டம் அத்தையின் காலடியில் விழுந்தது. கார் ரேடியோவின் ஸ்பீக்கர் காந்தம். நான் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்த தூண்டில் முட்களை அதன் பக்கத்தில் கொட்டினேன். அத்தனையும் துள்ளிப்போய் ஒட்டிக்கொண்டன.

"பாருங்க, விசுவாசமுள்ள முள்ளுங்க" என்றேன்.

"சாத்தானோட வேலை!" என்றார் மானசே.

"சரி, இப்ப வெறுங்கைய வையுங்க" என்றேன்.

வைத்தார். மேளம் தவங்கியது. அழுத்தினார், கண்ணை உருட்டினார், அந்நிய பாஷை பேசினார். மேளம் அசைந்து கொடுக்கவில்லை. லூபே அவர் கையைத் தள்ளிவிட்டு, முட்களை உதறிக் காந்தத்தை எடுத்துத் தானே மார்பில் வைத்தாள். மேளம் ஓடியது. எடுத்தாள். தவங்கியது. மறுபடி வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு முன்வரிசையைக் காட்டினாள். அங்கே சைமோனே சாய்ந்து கிடந்தார். அவர் மனைவி எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இவரு?" என்றாள் லூபே. "இவரு பேச்சை எந்தக் கையால திருப்பித் தருவீங்க?"

மானசே அடுத்த விமானத்தில் ஏறினார். பாய்களை அத்தை வண்டி வைத்து ஏற்றிப் போனார்.

லூபே மறுநாளே மருத்துவமனையில் விரலை நீட்டினாள். ரத்தம் கெட்டியாகியிருந்தது. நல்லவேளை, வால்வில் கட்டி இல்லை. மாத்திரை மறுபடி வந்துவிட்டது, கன்றிய தடமும் வந்துவிட்டது. ஞாயிறு தோறும் ஒரே ஒரு லூ, என்னைத் திட்டிக்கொண்டே தின்கிறாள். அந்த டிக் டிக் சத்தத்தைக் கேட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்குகிறது.

கூட்டம் திருந்தியதா என்கிறீர்களா? லெசியேலி அத்தை வீட்டு வாசலில் போய்ப் பாருங்கள். "அந்தக் காந்தத்தை என் முழங்கால்ல ஒரு தடவை வெச்சு எடுங்க அத்தை" என்று வரிசையில் நிற்கிறார்கள், ஆளுக்கொரு பன்றியோடு.

லூபேயின் இதயம் ஓடுவதற்குப் பேட்டரி வேண்டும். உங்கள் மூளைக்கு அதுகூட வேண்டாம். ஒருமுறையாவது ஓட்டித்தான் பாருங்களேன்!