பாரம் போன பிறகும் வளைவு

ஈர்ப்புச் சமன்பாடுகள் கனமான பொருட்களுக்கு மட்டும் சொந்தமானவை என்று நம்பியிருந்தேன். சூரியன் இருந்தால் வெளி வளையும்; சூரியனை எடுத்துவிட்டால் பாய்போலத் தட்டையாகிவிடும். எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த அறிவோடுதான் கல்முனையில் கணிதம் படிப்பித்தேன். (பாடத்திட்டத்தில் அது இல்லாததால் பிள்ளைகள் தப்பினார்கள்.)

அட்டாளைச்சேனையில் எனக்குச் சம்பந்தம் பேசினார்கள். பெண்ணை பஸ்ஸில் ஒருமுறை கண்டிருந்தேன். எப்படியாவது இது நடக்க வேண்டும் என்றிருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருப்பது. ஆகவே வரப்போகிறவனைப் பார்க்க விருந்துக்கு அழைத்தார்கள். வெள்ளைத் துணி விரித்து, நடுவில் சஹன் வைத்து, அந்த ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம்: பெண்ணின் வாப்பா, அவளுடைய மாமா, பல்கலைக்கழகத்தில் தூய கணிதம் படிப்பிக்கும் அவளுடைய நானா (மூத்த அண்ணன்), நான்.

“மாஸ்டர், ஈர்ப்புச் சமன்பாட்டை இப்ப வடிவங்கள ஆராயிற கேத்திரகணிதக்காரரும் புடிச்சிக்கிட்டு இரிக்காங்க. திணிவே இல்லாத வெளிக்கு அது என்ன சொல்லும்?” என்றார் நானா.

“ஒண்டும் சொல்லாது. பாரம் இல்லாட்டித் தட்டைதான்.”

“தட்டையாத்தான் இரிக்கணுமா? தெரியாட்டி விடுங்க, சோறு ஆறுது.”

விட்டிருக்கலாம். ஆனால் வாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “காட்டுறன் பாருங்க. இந்தத் துணிதான் வெளி, சஹன்தான் சூரியன்” என்றேன். நெய் வழிந்த ஒரு கையால் சஹனைத் தூக்கி, மறுகையால் துணியைத் தட்டையாக்க இழுத்தேன்.

சூரியன் வழுக்கி, இறைச்சிக் கறியோடு மாமா உடுத்தியிருந்த புதுச் சாரத்தில் இறங்கியது.

“அல்லாஹ்வே, சுடுது” என்றார் மாமா.

துணி கசங்கி, மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. நானா அதைக் காட்டினார். “பாரம் போயிட்டு, மாஸ்டர். வளைவு போகல்லியே.”

கை கழுவும்போது அவரே விளக்கினார். “திணிவை எடுத்தாலும் சமன்பாடு நிக்கும். தட்டை இல்லாத தீர்வுகளும் அதுக்கு இரிக்கு. ஒரு வடிவத்துக்கு ஆகச் சீரான வளைவு எது எண்டு தேடுறதுக்கு எங்களுக்கு அதுதான் வழி. ஒங்களுக்கு முடிஞ்ச இடத்திலதான் எங்களுக்குத் தொடங்குது.” எனக்கு விளங்கியது. மாமா உள்ளே சாரம் மாற்றிக்கொண்டிருந்தார்.

பிற்பாடு வேறோர் ஊரில் எனக்கு வாய்த்த மனைவி, சாப்பாட்டுத் துணி விரிக்கும்போதெல்லாம் பிள்ளைகளிடம், “முதல்ல வாப்பாட கையப் புடிங்க” என்பாள். இருபது வருடமாக நானும் சிரித்துக் களைத்துவிட்டேன்.

அந்தச் சம்பந்தம் முறிந்த பிறகு, அட்டாளைச்சேனைப் பெண்ணுக்குச் சாகாமத்தில் வயல் வைத்திருந்த ஒருவரோடு நிக்காஹ் நடந்தது. எனக்கும் சொல்லியிருந்தார்கள். போனேன். எல்லோருக்கும் சஹன்; எனக்கு மட்டும் தனிப் பீங்கான் தட்டில் சோறு வைத்தார்கள்.