சாமிக்குச் சொந்தமான களை

"அது சோளமா, புல்லா?" என்று எதெல்வினா கேட்டபோது, அவள் புருஷன் சிப்ரியானோவின் கையில் வேரோடு தொங்கியது சோளம்தான்.

"புல்லுதான். போடி உள்ளே!"

பூக்கிற வரைக்கும், களையாய் மண்டுகிற தெயோசிந்தேப் புல்லும் மக்காச்சோளமும் ஒரே அச்சு. காலையிலிருந்து அவர் பிடுங்கியதில் பாதி சோளம். வீட்டில் வருஷம் முழுக்க ரொட்டி வேக வேண்டுமென்றால் அந்த வயல் விளைந்தாக வேண்டும்.

சரி, பூத்துத் தொலையட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். கதிர் முற்றியதும் புல்லை மட்டும் பார்த்து அறுத்து மாட்டுக்குப் போட்டார். மாட்டுக்கு ஏக குஷி. சாணத்தை அள்ளி வயலுக்கு அடித்தார். அடுத்த மழைக்குப் புல் இரண்டு மடங்காய் எழுந்து நின்றது.

பக்கத்து வயல் பிதேன்சியோ வேலியில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "அந்த விதைக்குக் கல்லு மாதிரி ஓடுண்ணே. மாட்டு வயித்துல செரிக்காது. எருவும் போட்டு நீங்களே விதைச்சிருக்கீங்க!"

"உன் வேலையைப் பாருடா!"

எருவை நிறுத்தினார். சோளம் வெளிறிப்போனது. புல்லுக்கு ஒரு குறையும் இல்லை. மறுபடி பிடுங்க இறங்கினார்.

அந்த நேரம் பார்த்துப் பட்டணத்திலிருந்து செடி ஆராய வந்த பெண் பதறினாள். "தாத்தா, பிடுங்காதீங்க! இந்த ஊர்ப் பூர்வகுடிங்களோட பழைய நாவா பேச்சுல தெயோன்னா சாமி, சிந்த்லின்னா கதிர். சாமியோட கதிர்! சோளமே இதுலேருந்துதான் வந்துச்சு."

"பேரு வச்சவன் எவனும் களை பிடுங்கினவன் இல்ல தாயி. சாமியோடதுன்னா சாமி வந்து அறுத்துக்கிட்டுப் போகட்டும்."

சொன்னதோடு விடவில்லை. ஒரு கட்டு அறுத்து முதுகில் ஏற்றிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனார். உழவர்களுக்குக் காவலாக ஏர்மாட்டோடு நிற்கும் புனித இசிதோர் சொரூபத்தின் காலடியில் தொப்பென்று போட்டார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"இந்தாய்யா, உங்க ஆளுங்க சொத்து! விதைக்கிறது நீங்க, முதுகு ஒடியறது நானா? இனி ஒரு முளை என் வயல்ல தலைகாட்டட்டும், உன் திருநாளுக்கு என் வீட்டுலேருந்து ஒத்தக் கதிர் வராது. உன் ஏர்மாட்டுக்கும் பட்டினிதான், சொல்லிட்டேன்!"

துடைப்பத்தோடு ஓடிவந்தான் கோயில்பிள்ளை நபோர்.

"ஐயையோ, அவரை ஏன்யா வையறீங்க? வருஷா வருஷம் மெழுகுவர்த்தித் திருநாளுக்கு உங்க வீட்டம்மாதானே இந்தப் புல்லு விதையைக் கூடை நிறையக் கொண்டாந்து, மந்திரிச்சு வாங்கிட்டுப் போறாங்க. இதைக் கலந்து விதைச்சாத்தான் சோளத்துக்கு வீரியமாம்!"