அத்தை மேல போயிட்டாங்க

உங்களிடம் சொல்வதற்கென்ன, என் மாமியாரின் முட்டி வலியை நம்பித்தான் நான் பன்னிரண்டு வருடமாக நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

தவறாக நினைக்காதீர்கள். அவர் வலியில் துடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன் அல்ல நான். வலி குறையட்டும். ஆனால் மூன்றாவது மாடி ஏறுகிற அளவுக்குக் குறைந்துவிட வேண்டாம். அவ்வளவுதான் என் பிரார்த்தனை. எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. கட்டடத்தில் லிப்ட் கிடையாது. இத்தனைக்கும் நான் லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை ஏற்றி இறக்குகிறவன். 'ஏற்ற இறக்கம் எங்கள் பொறுப்பு' என்று என் சட்டைப்பையின் மேல் தைத்தே இருக்கும். என் வீட்டுக்கு மட்டும் அறுபத்திரண்டு படி. அதில் ஒரு படியைக் குறைக்கக்கூட நான் சம்மதிக்க மாட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டே என் மனைவி ஆரம்பித்தாள்.

"என்னங்க, அம்மா அண்ணன் வீட்டுலயே எத்தனை நாளைக்கு இருப்பாங்க? நம்மகூட வந்து இருக்கட்டுமே."

"தாராளமா இருக்கட்டும். ஆனா முட்டி?"

"முட்டியும் கூடத்தான் வரும்."

"அறுபத்திரண்டு படி! பாவம் இல்லையா அத்தை? எனக்கு மனசு கேக்கல."

"உங்களுக்கு மனசு கேக்கலையா, காது கேக்கலையா? மெதுவா ஏறுவாங்கன்னு எத்தனை தடவை சொல்றேன்!"

வழக்கமாக இந்த இடத்தில் நான் செய்தித்தாளுக்குள் புகுந்துவிடுவேன். அன்றும் புகுந்தேன். உள்ளே ஒரு விளம்பரம் இருந்தது. திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு பெரிய மரம், மரத்தின் மேல் ஒரு வீடு. இருபது அடி உயரம். ஜன்னலைத் திறந்தால் பச்சைப் பந்தல், நாள் முழுக்க பறவைச் சத்தம், முழு ஓய்வு. கீழே தோட்டக்காரம்மாவின் வீட்டிலும் தங்கலாம். மர வீட்டுக்கு நூலேணி வழியாக ஏற வேண்டும்.

நூலேணி! அந்த ஒரு சொல்லை மூன்று முறை படித்தேன். வீரம் வந்துவிட்டது. எழுந்து நின்றேன்.

"ஒரே பேச்சு! வர்ற சனிக்கிழமை மூணு பேரும் இங்க போறோம். அத்தை இந்த மர வீட்டுக்கு ஏறிட்டாங்கன்னா, பெட்டி படுக்கையோட நம்ம வீட்டுக்கே வந்துடலாம். ஏறலைன்னா இந்தப் பேச்சையே நீ எடுக்கக் கூடாது."

"சத்தியமா?"

"லிப்ட் மேல சத்தியம்."

"சரி. ஆனா பந்தயம்னு அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். சங்கடப்படுவாங்க."

சொல்லிவிட்டு அவள் துண்டை மடிக்கப் போய்விட்டாள். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். எங்கே? என் மனசு அதற்குள் மர வீட்டில் கால் நீட்டிப் படுத்துவிட்டது. மாமியார் கீழே தோட்டக்காரம்மாவின் வீட்டில் தங்குவார். நாங்கள் மேலே. இரண்டு நாள் ஓய்வு, ஆயுள் முழுக்க நிம்மதி.

சனிக்கிழமை காலை போய் இறங்கினோம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை திராட்சைக் கொடி. நான் கொடி கட்டிப் பறக்கப் போகிற நாள் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். மாமியார் நூலேணியை அண்ணாந்து பார்த்தார். கை தானாக வலது முட்டிக்குப் போனது.

"ஐயோ மாப்பிள்ளை, இதுல குரங்குதான் ஏறும்!"

"அதனாலென்ன அத்தை, நான் ஏறிக்கறேன்," என்றேன் சந்தோஷத்தில்.

அப்போதுதான் தோட்டக்காரம்மா, மரக்கிளையில் தொங்கிய ஒரு துருப்பிடித்த கப்பியைக் காட்டினார்.

"சார், சாமான் பெட்டியெல்லாம் மேல ஏத்த இதுதான் இருந்துச்சு. ஒரு மாசமா சிக்கிக்கிட்டு நிக்குது. எத்தனையோ பேர் பார்த்துட்டாங்க. இனி தேறாதுன்னுட்டாங்க."

"விடுங்கம்மா," என்றாள் என் மனைவி. "இவராலயும் ஆகாது. இவருக்குப் பட்டனை அமுக்கினா ஓடுற லிப்ட்தான் தெரியும். கையால சுத்துறதெல்லாம் இவருக்கு வராது."

வராதா? எனக்கா? இருபது வருட சர்வீஸ்! ஓய்வைத் தூக்கி ஓரமாக வைத்தேன். சட்டையைக் கழற்றினேன். இரண்டு மணி நேரம் துருவைச் சுரண்டினேன், எண்ணெய் விட்டேன், புதுக் கயிறு கோத்தேன், சுற்றுகிற சக்கரத்தை மரத்தோடு சேர்த்து முடுக்கினேன்.

"இப்ப ஒரு எடை வச்சுப் பார்க்கணும்," என்றேன், சக்கரத்தின் பற்களிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு அறுபது கிலோ இருந்தா தேவலை."

பின்னால் ஏதோ கிசுகிசுப்பு. கயிற்றில் கட்டியிருந்த மரப்பெட்டி கிறீச்சிட்டது.

"வச்சாச்சுங்க. சுத்துங்க!"

சுற்றினேன். கப்பி சத்தமே போடவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாத்தியா? ஒரு குலுங்கல் இருக்கா?"

"இல்லவே இல்லைங்க."

"ஆமா மாப்பிள்ளை, குலுங்கவே இல்ல!" என்றது மேலே போய் நின்ற பெட்டி.

நிமிர்ந்து பார்த்தேன். மாமியார் பெட்டியிலிருந்து இறங்கி மர வீட்டு வாசலில் நின்று எனக்குக் கையாட்டினார்.

"அம்மா ஏறிட்டாங்க," என்றாள் மனைவி.

"ஏறல! நான் ஏத்தினேன். ஏறுறது வேற, ஏத்துறது வேற. ஏறிட்டாங்கன்னாத்தான் வரலாம்னு பேச்சு."

"அப்ப நம்ம வீட்டு பால்கனியில ஒரு கப்பி போட்டு ஏத்திடுங்க. கை தேர்ந்துடுச்சே!"

மேலேயிருந்து குரல் வந்தது. "மாப்பிள்ளை, ரெண்டு கொத்து திராட்சை அனுப்புங்க!" அனுப்பினேன். "ஒரு தலையணை!" அனுப்பினேன். "இது ரொம்பப் பெரிசு, சின்னது இல்லையா?" பெரியதை இறக்கிச் சின்னதை ஏற்றினேன். ஓய்வெடுக்க வந்தவன் மாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன். இவரை இன்றைக்கே என் மச்சான் வீட்டுக்குத் திருப்பி அனுப்பாவிட்டால் பால்கனியிலும் இதே கதைதான்.

ஆனால் ஒரு சிக்கல். அந்தக் கப்பிக்கு பிரேக் கிடையாது. ஏற்ற ஒரு ஆள் போதும். மனுஷரை இறக்குவதற்கு, கயிற்றைப் பிடிக்க இன்னொரு தடியான ஆள் வேண்டும். தோட்டக்காரம்மா திராட்சை லோடோடு சந்தைக்குப் போய்விட்டார். சரி, மச்சானையே வரவழைத்தால் இறக்கின கையோடு அழைத்துப் போய்விடுவார். அந்தத் தோட்டத்தில் ஒரே ஒரு பாறை மேல் நின்றால்தான் போனில் சிக்னல் வரும். ஏறி நின்று தட்டினேன்:

'அத்தை மேல போயிட்டாங்க மச்சான். என்னால ஒண்ணும் பண்ண முடியல. தனியா இறக்க முடியாது. வண்டி எடுத்துக்கிட்டு உடனே வாங்க.'

மனைவி என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். நிதானமாக, இரண்டு தடவை.

"ஏதாவது தப்பா இருக்கா?" என்றேன்.

"இல்லைங்க. அம்மா அங்க நிம்மதியா இருக்காங்கன்னு மட்டும் ஒரு வரி சேர்த்துடுங்க. அண்ணன் மனசு ஆறும்."

சேர்த்தேன். அனுப்பினேன். பாறையிலிருந்து இறங்கினேன்.

ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு வேன் வந்து நின்றது. முதல் வேனிலிருந்து மச்சான் விழுந்தார். ஆமாம், இறங்கவில்லை, விழுந்தார். கையில் என் உயரத்துக்கு ஒரு மாலை. பின்னால் பத்துப் பதினைந்து சொந்தக்காரர்கள். இவரை அழைத்துப் போக இத்தனை பேரா என்று எனக்கு ஆச்சரியம்.

"மச்சான்! எப்ப போனாங்க?"

"பதினோரு மணி இருக்கும். நான்தான் அனுப்பி வச்சேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு துக்கம் தாங்காமல் என் தோளிலேயே சாய்ந்தார்.

"கடைசியா என்ன கேட்டாங்க?"

"தலையணை. அதுக்கு முன்னாடி திராட்சை."

"குடுத்தீங்களா?"

"ரெண்டு கொத்து."

"புண்ணியமாப் போகும். வலி ஏதும் இருந்துச்சா?"

"குலுங்கவே இல்லைன்னு சொன்னாங்க."

"இப்ப எங்க மச்சான் இருக்காங்க?"

நான் மேலே கையைக் காட்டினேன். அவர் மரத்தைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தார். பார்த்து, "அம்மா! என்னை விட்டுட்டுப் போயிட்டியே!" என்று ஒரு அலறல் அலறினார். பந்தலில் இருந்த குருவியெல்லாம் பறந்துவிட்டன.

மர வீட்டின் கதவு படாரென்று திறந்தது.

"டேய்! என் புள்ளைக்கு என்னடா ஆச்சு?"

அடுத்து நடந்ததை நான் தொழில்முறையில் பார்த்தவன் என்பதால் நம்புங்கள். நூலேணியில் இருபத்தாறு படி. என் மாமியார் எட்டே வினாடியில் இறங்கினார். எந்தக் கம்பெனி லிப்டும் அந்த வேகத்தில் இறங்காது. இறங்கி, ஓடி, மகனின் முகத்தை முந்தானையால் துடைத்தார்.

"எதுக்குடா அழற? சாப்பிடலையா?"

மச்சான் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தார். முடிகிற அளவிலா அது இருந்தது?

"அத்தை," என்றேன் மெல்ல. "முட்டி?"

அவர் சட்டென்று முட்டியைப் பிடித்தார். இடது முட்டி.

"இத்தனை நாள் வலது இல்ல?" என்றேன்.

மனைவி அருகே வந்தாள். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"அண்ணன் அழுதா அம்மாவுக்கு வேற எதுவும் ஞாபகம் இருக்காதுங்க. அதான் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னேன். என்ன, ஒரு தடவை ஏறியும் காட்டச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்," என்றேன்.

அவள் அண்ணனைச் சமாதானப்படுத்தப் போனாள். மாமியார் என்னைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்தார்.

"என்ன மாப்பிள்ளை நடக்குது இங்க?"

பந்தயத்தைச் சொன்னேன். நாளையிலிருந்து அவர் எங்கள் வீட்டில்தான் என்பதையும் சொன்னேன். அவர் அப்படியே காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. பாசம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"கெடுத்தீங்களே மாப்பிள்ளை!" என்றார். "உங்ககூட வந்து இருக்கச் சொல்லிடுவாளோன்னு பயந்துதானே நான் முட்டி வலின்னு சொல்லித் தப்பிச்சுக்கிட்டு இருந்தேன்!"